நண்பகல் கிணற்றில் ஒரு கேமரா

சரசு அக்கா கிணற்றுக்குள் பறந்துகொண்டிருந்தார்.

இன்றும் அந்தக் காட்சி எனக்கு அப்படித்தான் வருகிறது. சித்திரை வெயில் தலைக்கு நேர்மேலே நின்று, சதுரக் கிணற்றின் வாய் வழியாக ஒரே தூணாக உள்ளே இறங்கியிருந்தது. அந்தத் தூணுக்குள் சிவப்புச் சட்டை போட்ட ஒரு பெண் கைகளை விரித்துத் திரும்பிக்கொண்டிருந்தார். நான் அவருக்குக் கீழே, இரண்டு ஆள் ஆழத்தில், பாறைச் சுவரில் முதுகு உரச மிதந்துகொண்டிருந்தேன். சத்தமே இல்லை. என் நெஞ்சு துடிப்பது மட்டும் யாரோ பக்கத்து ஊரில் மாவு இடிப்பது மாதிரி கேட்டது.

அவர் காலை உதைத்தபோது வெயில் உடைந்தது. உடைந்த துண்டுகள் சுவரெல்லாம் ஓடிப்போய், கொஞ்ச நேரம் கழித்து ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து ஒட்டிக்கொண்டன. கெண்டைக் குஞ்சுகள் என் காதருகே வந்து எதையோ யோசித்துவிட்டுப் போயின.

கையில் இருந்த பெட்டிக்குள் என் கேமரா. அதன் வாழ்க்கையில் அதுதான் கடைசி நண்பகல் என்று எங்கள் இருவருக்கும் அப்போது தெரியாது.

ஆளில்லாத சட்டைகள்

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் பத்தாண்டு முடியப்போகிற காலம். திருப்பூரில் நான் சட்டைகளைப் படம் எடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். பனியன் கம்பெனிகள் சாம்பிள் தைத்ததும், துணி வாங்குகிற வெளிநாட்டுக்காரருக்கு, எங்கள் பேச்சில் பையருக்கு, படம் அனுப்ப வேண்டும். வெள்ளைத் திரைக்கு முன்னால் சட்டையைத் தொங்கவிடுவேன். சுருக்கம் நீக்குவேன். விளக்கைப் போடுவேன். கழுத்து, கை, அடி மடிப்பு, உள்பக்கத் தையல். அடுத்த சட்டை.

உலகத்தில் எங்கேயோ யாரோ ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு காதலிக்கப் போவார், வேலையை விடப் போவார், ரயிலைத் தவறவிடப் போவார். அதற்கெல்லாம் முந்தைய வெறுமையில் அந்தச் சட்டை என் முன்னால் தொங்கும். அதைப் பற்றித்தான் அப்போது எழுதவும் செய்தேன். கவிதையும் இல்லாமல் உரைநடையும் இல்லாமல் ஏதோ ஒன்று. ஓர் இடத்தில் உட்காராத மனுசனுக்கு எழுத்து மட்டும் உட்காருமா என்ன.

அந்த நேரத்தில்தான் ஃபுல் ஃபிரேம் கேமரா வாங்கினேன். பழைய ஃபிலிம் அளவுக்கே உள்ளே சென்சார். அகல லென்ஸைப் போட்டால் முழு அகலமும் அப்படியே கிடைக்கும், ஓரம் வெட்டுப்படாது. அதைவிட அதிசயம், போட்டோ எடுக்கும் கேமராவிலேயே வீடியோவும் எடுக்கலாம் என்பது. ஊரில் நம்பாதவர்களுக்கு எல்லாம் எடுத்துக் காட்டினேன். டீக்கடைப் பாய்லரின் ஆவியை, பல்லடம் பஸ்ஸின் ஜன்னல் மழையை. அதன் கண்ணுக்குள் போனால் எதுவும் கொஞ்சம் மெதுவாக, கொஞ்சம் நம்பத்தகுந்ததாக ஆகிவிடும்.

அவிநாசிபாளையம் பக்கம் சின்னதாகக் கம்பெனி நடத்தியவர் சரஸ்வதி. எனக்குச் சரசு அக்கா. தோட்டத்தின் ஓர் ஓரத்தில் தறிக்கொட்டகை மாதிரி ஒரு ஷெட்டு, அதில் மிஷின்கள். மறு ஓரத்தில் தென்னையும் கிணறும். ஒருநாள் போனில் கூப்பிட்டார்.

"ஏனுங்க தம்பி, பையர் நீச்சல் சட்டை கேக்கறாருங்க. கை நீளமா, ஒடம்போட ஒட்டிப் புடிக்கற மாதிரி. தச்சாச்சு. ஆனா தண்ணிக்குள்ள போட்டுட்டு இருக்கற மாதிரி போட்டோ வேணுமாமுங்க."

"தண்ணிக்குள்ளயா அக்கா?"

"ஆமாங்க. நம்ம கெணறு சும்மாதானுங்க கெடக்குது."

மோட்டார்க்காரரின் பெட்டி

கேமராவைத் தண்ணீருக்குள் கொண்டுபோக வெளிநாட்டில் பெட்டிகள் விற்கிறார்கள் என்று தெரியும். படத்தில் பார்த்ததுதான். இங்கே யாரிடமும் இல்லை. ஆனால் எங்களுக்குக் கோயம்புத்தூர் பக்கத்து ஊர். அங்கே ஆழ்துளைக் கிணற்றுக்குள் முழுகி ஓடுகிற மோட்டார் செய்கிற பட்டறைகள் தெருவுக்குத் தெரு உண்டு.

ஒரு பட்டறைக்காரரிடம் கேமராவைக் காட்டினேன். அவர் அதைத் தொடவில்லை. ஒரு கோழிக்குஞ்சைப் பார்ப்பது மாதிரி குனிந்து பார்த்தார்.

"மோட்டாரே தண்ணிக்குள்ள வருசக்கணக்கா ஓடுதுங்க. இது ஒரு மணி நேரம் ஓடாதா?" என்றார்.

தடித்த அக்ரிலிக் குழாயை அறுத்து, இரண்டு பக்கமும் அலுமினியத் தகடு வைத்து, முன்னால் கண்ணாடி, பின்னால் திருகிக் கழற்றும் அக்ரிலிக் மூடி. மூடிக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு ரப்பர் வளையம். உள்ளே பொத்தானை அமுக்க வெளியிலிருந்து இரண்டு குச்சிகள், ஒன்று போட்டோவுக்கு, ஒன்று வீடியோவுக்கு. வேறு எதையும் மாற்ற முடியாது. ஃபோகஸை முன்னமே வைத்து ஒட்டிவிட வேண்டும். தண்ணீருக்குள் எல்லாமே கொஞ்சம் கிட்டத்தில் இருப்பது மாதிரி தெரியும் என்பதால் கிட்டத்துக்கே வைத்தேன். லென்ஸும் நம்மைப் போல ஏமாறத்தான் செய்யும்.

பெட்டி மிதந்துவிடாமல் இருக்க அடியில் இரும்புக் கட்டி வைத்துக் கட்டினார். காலியாகவே தொட்டியில் இறக்கி, ராத்திரி முழுக்க விட்டு, காலையில் திறந்து விரலால் தடவிப் பார்த்தோம். உலர்ந்து கிடந்தது.

"வளையத்துல மட்டும் ஒரு தூசி இருக்கக்கூடாதுங்க. மூடறதுக்கு முந்தி நல்லாத் தொடச்சுட்டு மூடுங்க" என்று வழியனுப்பினார்.

நல்லாத் துடைத்தோம். அதைப் பிறகு சொல்கிறேன்.

கடலோரத்துப் பெண்

கிணற்றுக்குள் சட்டை போட்டுக்கொண்டு நீந்த ஓர் ஆள் வேண்டுமே. சரசு அக்கா கம்பெனியில் செக்கிங் பார்த்தவள் ஜெசிந்தா. தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் குப்பம். அவளுடைய அப்பா மிக்கேல் சங்கு குளிப்பவர். அக்கா யோசிக்கவே இல்லை.

"கண்ணு, நீ வந்துரு. கடல்ல பொறந்த புள்ள."

ஜெசிந்தா சட்டையை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எனக்கு நீச்சல் தெரியாதுக்கா."

"வெளையாடாத."

"நெசமாத்தான் சொல்லுதேன். எங்க ஊர்ல பொம்பளையாளு கால் நனைக்கதோட சரி. வள்ளத்துல ஏற விட மாட்டாவ. கயித்தத் தொடக்கூட விட மாட்டாவ."

அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். மழை பொய்க்கிற பூமியில் பிறந்த அக்கா ஏழு வயதில் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் தள்ளிவிடப்பட்டவர். மீன் மாதிரி நீந்துவார்.

"அடக் கெரகமே" என்றார். "செரி உடு, நானே குதிக்கறேன். மூஞ்சி தெரிய வேண்டாம்னுதானுங்க சொல்லியிருக்காங்க? ஆனா சாம்பிள் சைஸ் எனக்கு எங்கீங்க பத்தும்?"

அன்று மத்தியானமே அக்கா அளவுக்கு ஒரு சிவப்புச் சட்டை தைக்கப்பட்டது. மிஷின் முழுக்கச் சிரிப்பு.

சிரிப்பு அடங்கிய பிறகு ஜெசிந்தா என்னிடம் வந்தாள்.

"அண்ணே, வீடியோவும் எடுப்பியளா?"

"எடுக்கலாமே. ஏன்?"

"அதை எங்க அப்பாவுக்குக் காட்டணும்."

அன்று சாயங்காலம் அவள் தங்கியிருந்த லைன் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை, முன்னால் ஒரு குழாய். குழாயடியில் ஒரு பிளாஸ்டிக் வாளியைப் பார்த்தபடி மிக்கேல் உட்கார்ந்திருந்தார். அகலமான மார்பு. உப்பில் ஊறிய மாதிரி செம்பட்டை பாய்ந்த நரை. ஆழத்தில் இறங்கி இறங்கி இரண்டு காதுச் சவ்வும் கிழிந்துபோயிருந்தன. இனி ஒருமுறை மூழ்கினால் ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊரில் விட்டால் மறுநாளே வள்ளத்தில் ஏறிவிடுவார் என்று பயந்து மகள் இங்கே அழைத்து வந்திருந்தாள்.

இப்போது பல நாளாக அவர் பேசுவதில்லை. தட்டை வைத்தால் இரண்டு வாய். மீதி காக்காய்க்கு.

"ஊருக்கு அனுப்பு அனுப்புன்னு முதல்ல ரெண்டு நாள் சொன்னாவ. பெறகு அதையும் விட்டுட்டாவ" என்றாள் ஜெசிந்தா. "அதான் பயமா இருக்கு. அனுப்புனா கடல் கொண்டு போயிரும். இங்க வச்சிருந்தா இப்படியே ஒடுங்கிப் போவாவ. கெணத்துக்குக் கூட்டிட்டுப் போனா குதிச்சிருவாவ. படத்துலயாவது தண்ணிய ஒருக்க கண்ணுல காட்டுனா சாப்பிடுவாவளோன்னு தோணுது."

சோறு போட்டுவிட்டு அவரைக் கூப்பிடப் போனாள். கூப்பிட்டால் கேட்காதே. பின்னாலிருந்து சட்டை நுனியைப் பிடித்து இரண்டு இழுப்பு இழுத்தாள். அவர் உடனே எழுந்தார்.

"இது என்ன பழக்கம்?"

"மேல வள்ளத்துல இருந்து கயித்த ரெண்டு தடவ இழுத்தா மேல வான்னு அர்த்தம். சின்னப் புள்ளையில இவிய தூங்கும்போது நான் இப்படித்தான் எழுப்புவேன். எவ்வளவு தூக்கத்துல இருந்தாலும் வந்துருவாவ."

துடைத்துத் துடைத்து

இந்த இடத்தில் எங்கள் ஊரின் துணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

பனியன் வெட்டும்போது விழுகிற துண்டுகளுக்கு வேஸ்ட் என்று பெயர். பெயர்தான் அப்படி. அது இல்லாமல் திருப்பூரில் எதுவும் நடக்காது. மிஷின் எண்ணெயைத் துடைக்க, ஸ்கூட்டரைத் துடைக்க, டீக்கடைப் பலகையைத் துடைக்க, குழந்தையின் மூக்கைத் துடைக்க, அழுதால் கண்ணைத் துடைக்க. சட்டைப் பையில் கர்சீப் வைத்திருப்பவனை வெளியூர்க்காரன் என்று கண்டுபிடித்துவிடலாம்.

படம் எடுக்கிற நாள். இரண்டு நாளாக மோட்டார் ஓட்டாமல் தண்ணீரைத் தெளியவிட்டிருந்தார் அக்கா. வாய்க்கால் தண்ணீர் ஊறிக் கிணறு பாதிக்கு மேல் நின்றது. சுவர்ப் பொந்துகளில் புறாக்கள்.

கேமராவைப் பெட்டிக்குள் வைத்தேன். ஈரம் பூக்காமல் இருக்க, ஏற்றுமதிப் பெட்டிகளில் போடுகிற, ஈரத்தை உறிஞ்சும் உப்புப் பொட்டலங்களை நாலு பக்கமும் செருகினோம். பிறகு வளையம்.

"ஒரு தூசி இருக்கக்கூடாதுன்னு சொன்னாருங்களே" என்று அக்கா கட்டிங் டேபிளிலிருந்து புத்தம் புதிய வேஸ்ட் ஒன்றை எடுத்து வந்தார். பால் வெள்ளை, மல்லிகைப்பூ மாதிரி. வளையத்தை ஒரு சுற்றுத் துடைத்தார். நான் வாங்கி ஒரு சுற்று. திருப்தியில்லாமல் அவர் மறுபடி ஒரு சுற்று. அவ்வளவு அக்கறையாக நான் எதையும் துடைத்ததில்லை. மூடியைத் திருகி இறுக்கினோம்.

போட்டோக்கள் நன்றாக வந்தன. அக்கா படிக்கல்லிலிருந்து குதித்தார், புரண்டார், நீண்டார். நான் மூச்சு இருக்கிறவரை அமுக்கினேன். நடுவில் மேலே வந்து பெட்டியின் பின்பக்க அக்ரிலிக் வழியாகத் திரையைக் காட்டியபோது அக்காவின் முகம் மாறிவிட்டது.

"தம்பி, ஷேடு மாறிப் போச்சுங்களே. இது செவப்பே இல்லீங்க, காவி."

"தண்ணி செவப்பத் தின்னுடும் அக்கா. ஆழத்துல அப்படித்தான் தெரியும்."

"பையருக்கு அதைச் சொல்ல முடியுங்களா? ஷேடு அப்ரூவலுக்கு ஒண்ணரை மாசம் நடந்தேனுங்க நான்."

கிணற்றின் நடுவில் மிதந்தபடி அவர் கையை வெயிலில் நீட்டி, சட்டையின் நிறம் சட்டையிலேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

கயிறு

ஜெசிந்தா மேல்படியில் உட்கார்ந்திருந்தாள். கேமராப் பெட்டிக்குக் கட்டிய கயிற்றின் நுனியை அவளிடம் கொடுத்திருந்தேன், கை தவறினால் பிடிக்க. முதலில் தயங்கினாள். பிறகு உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றி, காலை ஒரு கல்லில் ஊன்றி உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கரையில் நின்று பார்த்தே வந்திருக்க வேண்டும்.

"போட்டோ முடிஞ்சிட்டாண்ணே?"

"முடிஞ்சது. இனி உன் வீடியோ."

குச்சியை அமுக்கிவிட்டு இறங்கினேன். அக்காவைச் சுற்றி ஒரு வட்டம். மூச்சு வாங்க மேலே. மறுபடி கீழே, சுவரில் பாசி அசைகிற இடம். மேலே. மோட்டார்க் குழாய் இருட்டுக்குள் இறங்குகிற இடம். மேலே. ஒவ்வொரு முறையும் கண்ணாடி தண்ணீரைக் கிழித்து வெளியே வரும்போது புறாக்களின் சத்தம் ஒரு நொடி கேட்டு மறையும்.

"அண்ணே, அடி வரைக்கும் ஒருக்கப் போங்க" என்று மேலிருந்து குரல் வந்தது. "அப்பா தரையத்தான் பாப்பாவ."

என் மூச்சுக்கு அடி எட்டும், அங்கே தங்க முடியாது. ஆகவே இரும்புக் கட்டியின் கனத்தோடு சேர்ந்து இறங்கி, காது வலிக்க வலிக்கப் பாறைத் தரையைப் படம் பிடித்தபடி போய், ஒரு பள்ளத்தில் பெட்டியை மேல் பார்த்து வைத்துவிட்டு, நான் மட்டும் உதைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நாங்கள் மூவரும் படியில் உட்கார்ந்திருந்தோம். கேமரா கீழே தனியாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா சடையைப் பிழிந்தார். பேசினால் அதற்குக் கேட்டுவிடும் போல இருந்தது.

ஜெசிந்தா கயிற்றை இழுத்துப் பெட்டியை மேலே கொண்டு வந்தபோது, உள்ளே ஏதோ குலுங்கியது. இளநீரை ஆட்டிப் பார்ப்பது மாதிரி ஒரு சத்தம். பாதிப் பெட்டி தண்ணீர். அதற்குள் என் கேமரா, உப்புப் பொட்டலங்கள் சுற்றி மிதக்க.

மூடியைக் கழற்றினோம். கறுப்பு வளையத்தின் குறுக்கே, சுவரில் ஊர்கிற பல்லியின் வால் மாதிரி, ஒரே ஒரு வெள்ளைப் பிசிறு படுத்திருந்தது.

அக்கா அதை நகத்தால் எடுத்துப் பார்த்தார்.

"முப்பதாம் நம்பர் நூலுங்க" என்றார். "தொடைக்காமயே உட்டிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதுங்களா, தம்பி?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகைக்கு முந்தி வருகிற அந்த வகைச் சிரிப்பு. என் கண்ணைப் பார்த்துவிட்டு அக்கா பழக்கத்தில் இடுப்பிலிருந்து ஒரு வேஸ்ட்டை எடுத்து நீட்டினார். நீட்டிய பிறகுதான் அது என்ன துணி என்று பார்த்தார்.

ஜெசிந்தா மட்டும் சிரிக்கவில்லை. "வீடியோவும் போயிட்டாண்ணே?" என்றாள்.

பாறைத் தரை

கேமரா போய்விட்டது. கார்டு போகவில்லை. நல்ல தண்ணீரில் அலசி, இரண்டு நாள் உலரவைத்து, கம்ப்யூட்டரில் செருகியபோது எல்லாம் இருந்தன. அந்தக் கேமராவில் வீடியோ ஓர் அளவுக்கு மேல் ஓடாது, தானாக நின்று பதிந்துகொள்ளும். தண்ணீர் உள்ளே ஏறி அதைத் தொடுவதற்குள் அது தன் வேலையை முடித்துவைத்திருந்தது.

ஒரே குறை. கடைசியில் அது மேலே வரவே இல்லை. அடியில் கிடந்தபடியே முடிகிறது.

போட்டோக்களைப் பார்த்த பையர் காவி நிறச் சட்டை யாருக்கு வேண்டும் என்று கேட்டு எழுதியதும், அக்கா வாசலில் நின்று இங்கிலீஷில் சண்டை போட்டதும் தனிக் கதை. அந்த வாரம் என் மனசில் வேறொன்றுதான் இருந்தது. டிவிடியில் பதிந்து எடுத்துக்கொண்டு லைன் வீட்டுக்குப் போனேன். விளக்கு வைக்கிற நேரம். மிக்கேல் குழாயடியில் இருந்தார். மத்தியானத்துத் தட்டு மூடியபடியே இருந்தது.

ஜெசிந்தா சட்டை நுனியை இழுத்து அவரை உள்ளே கூட்டி வந்து டிவி முன்னால் உட்காரவைத்தாள். அவர் சுவரைப் பார்த்தார். படம் ஓட ஆரம்பித்தது.

தண்ணீர் திரையை மூடிய கணத்தில் அவருடைய மார்பு ஒருமுறை பெரிதாகி, அப்படியே நின்றது.

முதலில் எனக்குப் புரியவில்லை. அக்காவின் சட்டை, வெயில், பாசி. பிறகு கேமரா மேலே வந்தது, புறாச் சத்தம் கேட்டது. அவர் மூச்சை விட்டார். மறுபடி கேமரா இறங்கியது. அவர் மறுபடி நிறுத்தினார். நான் ஜெசிந்தாவைப் பார்த்தேன். அவள் முன்னமே பார்த்துவிட்டிருந்தாள். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டிருந்தாள்.

குழாய், இருட்டு, மேலே. மூச்சு. கேமரா அடியை நோக்கி இறங்கத் தொடங்கியது. மிக்கேலின் கழுத்து கொஞ்சம் முன்னால் நீண்டது. கண் தரையில் வலமும் இடமும் தேடிப் போனது. விரல்கள் தொடையின் மேல் எதையோ கிளறின. பிறகு பெட்டி பள்ளத்தில் உட்கார்ந்து மேலே பார்த்தது. வெகு உயரத்தில் சின்னச் சதுரமாக வானம். அதன் ஓரத்தில் எங்கள் மூன்று பேரின் நிழல்.

அப்படியே இருந்தது. வெயில் மெல்ல நகர்ந்தது. ஒரு மீன் வானத்தைக் கடந்தது. அவர் நெற்றியில் நரம்பு எழுந்தது. உதடு நிறம் மாறியது. ஆனால் முகம் அவ்வளவு நிம்மதியாக இருந்ததை நான் அதுவரை பார்த்ததில்லை.

திரை கறுப்பானது. அவர் மூச்சு விடவில்லை. கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் கீழேதான் இருந்தார்.

ஜெசிந்தா அவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். சட்டை நுனியைப் பிடித்தாள். இரண்டு இழுப்பு இழுத்தாள்.

ஒரு பெரிய சீழ்க்கை மாதிரி மூச்சு வெளியே வந்தது. அவர் உலர்ந்த முகத்தை இரண்டு கையாலும் வழித்து விட்டுக்கொண்டார். எங்களைப் பார்த்தார். தூரத்திலிருந்து வந்தவர் பார்க்கிற பார்வை.

"பாறைத் தரை" என்றார். பல நாள் பேசாத குரல் கரகரத்தது. "சங்கு கெடக்காது."

மூடி வைத்த தட்டைத் தன் பக்கம் இழுத்து, ஆறிப்போன சோற்றில் கையை வைத்தார். ஒரு வாய் மென்று முழுங்கிவிட்டு டிவியைக் காட்டி, "மறுக்கா எறங்கு" என்றார் என்னிடம்.

நான் முதலிலிருந்து போட்டேன். இந்த முறை ஜெசிந்தா சட்டை நுனியை ஆரம்பத்திலேயே பிடித்துக்கொண்டாள்.